பாதிமீசைக்கு வைத்த மீன்

தையல்காரிக்கு அந்தத் தெரு வைத்த பெயர் கூண்டக்கா. பேண்ட் நீளம் குறைக்கவும் ஜிப் மாற்றவும் வருகிறவர்கள்கூட "கூண்டக்கா இருக்காங்களா" என்று கேட்டுக்கொண்டுதான் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். முதலில் அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. போகப் போகப் பிடித்துவிட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு, கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டாள்.

பேக்கரிக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே பூனைகள் பெருகிக்கொண்டே போயின. ஒன்று குட்டி போடும், அந்தக் குட்டி வளர்ந்து நிமிர்வதற்குள் அதுவும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். வண்டிச் சக்கரத்தில் நசுங்கியவை, கண்ணில் சீழ் கட்டிக் குருடானவை, சாக்கடை மூடிக்குள் விழுந்து கத்திக் கத்தி ஓய்ந்தவை என்று வாரம் ஒரு கஷ்டம். தெருவில் இரண்டு பேர் விஷம் வைத்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கூண்டக்கா மிருக ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தாள். மாதத்தின் முதல் புதன்கிழமை தெருப்பூனைகளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்கிறார்கள். கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போவது நம் வேலை. அவர்கள் ஆபரேஷன் செய்து, இடது காது நுனியைச் சிறிது வெட்டி அடையாளம் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். எங்கே பிடித்தோமோ அங்கேயே விட்டுவிட வேண்டும். ஒன்றரை வருஷத்தில் இருபத்தாறு பூனைகளுக்குக் காது நுனி போயிருந்தது. சந்தில் குட்டிகளின் கத்தல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. டாக்டரே ஒருமுறை மற்றவர்கள் முன்னால் "இந்தம்மா கொண்டு வர்ற மாதிரி கொண்டு வாங்க" என்று சொன்னார். அந்த வார்த்தையை அவள் பல நாள் வாயில் போட்டுச் சுவைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வேலையில் பிசகக்கூடாத விதி ஒன்றுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இருட்டியதிலிருந்து பூனைக்கு யாரும் தீனி வைக்கக்கூடாது. பசி இருந்தால்தான் கூண்டுக்குள் வரும் என்பது ஒரு காரணம். வயிற்றில் எதுவும் இருந்தால் மயக்க மருந்து போட்டதும் வாந்தி எடுக்கும், அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பது பெரிய காரணம். கூண்டின் கடைசியில் மீனை விரலால் தொட்டுத் தடவ வேண்டும், அவ்வளவுதான். வாசனைக்கு மட்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூண்டக்கா வீடு வீடாகப் போவாள். "இன்னிக்கு ராத்திரி ஜன்னலை மூடி வையுங்க. பாவம் பார்த்தீங்கன்னா அதுதான் பாவம்" என்று ஒவ்வொரு வாசலிலும் அதே வாக்கியத்தைச் சொல்வாள்.

ஊருக்கெல்லாம் சொல்லிவிடலாம், வீட்டுக்குள் இருப்பவளுக்குச் சொல்லி மாளாது. கூண்டக்காவின் புருஷன் லிப்ட் மெக்கானிக். அவனுடைய தங்கை, கல்யாணம் சரிப்பட்டு வராமல் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு வந்தவள், அங்கேயே இருந்துவிட்டாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்றே கூப்பிட்டுப் பழக்கம். கூண்டக்கா தைப்பாள், சின்னவள் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், நூல் பிசிறு வெட்டுவாள். ஒரே அறை, ஒரே விளக்கு. ஊசி நுழைகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். சின்னவள் கை மட்டும் பூனையைக் கண்டால் நிற்காது. தன் தட்டிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாயைத் துடைத்துக்கொள்வாள்.

அவளுக்கு உயிர் பாதிமீசைதான். வெள்ளைப் பூனை, மூக்குக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் கறுப்பு. பெண் பூனைக்கு மீசையா என்று மெக்கானிக் கேலி செய்வான். "ஏன், உங்க ஆபீஸ் கேஷியரம்மாவுக்கு இல்லையா" என்பாள் சின்னவள். மூன்று ஈடு குட்டி போட்டுவிட்டது அந்தப் பூனை. மூன்றாவது ஈட்டில் ஒரு குட்டியும் தங்கவில்லை. உடம்பு கரைந்து முதுகெலும்பு தெரிந்தது. மூன்று புதன்கிழமை கூண்டக்காவுக்கு டிமிக்கி கொடுத்தது. கூண்டு வரைக்கும் வரும், மோந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சின்னவளே சொன்னாள்.

"அண்ணி, இந்தத் தடவை எப்படியாவது புடிச்சிடுங்க. இன்னொரு ஈடு அது தாங்காது."

"நீ கையை வச்சிட்டுச் சும்மா இருந்தா புடிச்சிடுவேன்."

"நான் பின்னாடி ரூம்லயே இருக்கேன். என்னைப் பார்த்தா எங்கிட்டத்தான் வரும், கூண்டுக்குப் போகாது. ஜன்னலை இப்பவே மூடிடறேன். போதுமா?"

"நாளைக்கு நான் கூப்பிடற வரைக்கும் வெளிய வராதே."

"வரல. சத்தியமா வரல."

சொன்னபடியே செய்தாள். சாயங்காலம் அவள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது பாதிமீசை வெளியிலிருந்து ஜன்னலைப் பிறாண்டியது. அவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு சாப்பிடவும் இல்லை.

புதன் விடிந்தது. இரவில் தூறியிருந்ததால் சந்தில் அட்டைப்பெட்டிகள் ஊறிக் கிடந்தன. ஆறு மணிக்குள் நான்கு கூண்டுகள் நிறைந்தன. ஒவ்வொன்றின் மேலும் பழைய யூனிபார்ம் துணியில் தைத்த உறையைப் போட்டு மூடினாள். இருட்டானால் பூனை பயப்படாது. ஐந்தாவது கூண்டு காலியாக இருந்தது. ஏழு மணிக்குக் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு போக வேன்காரர் வந்துவிடுவார்.

ஆறரைக்குப் பாதிமீசை வந்தது. கூண்டு வாயில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டது. தலையை உள்ளே நீட்டியது, எடுத்துக்கொண்டது. மறுபடி நீட்டியது. கூண்டக்கா கதவோடு கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேக்கரிச் சுவரோரம் குத்துக்காலிட்டிருந்தாள். முட்டி வலித்தது. வேன் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது. இன்னொரு மாதம் போனால் மறுபடி வயிற்றில் குட்டியோடு நிற்கும். நாலாவது தடவையும் வெறுங்கூண்டா என்று வேன்காரர் சிரிப்பார். அவள் கையில் பிரித்த மீன் டப்பா இருந்தது. விரலால் தடவியது போக முழு டப்பா.

கயிற்றை விடாமல் எழுந்து போய் டப்பாவைக் கூண்டுக்குள் அப்படியே கவிழ்த்தாள்.

பூனை உள்ளே போனது. அவள் உடனே கயிற்றை விட்டிருக்கலாம். வால் இன்னும் வெளியே இருந்தது, நசுங்கிவிடுமே என்று காத்திருந்தாள். வால் உள்ளே போனதும் கதவை விட்டாள். அதற்குள் பாதி காலி. கதவு விழுந்த சத்தத்துக்கு ஒரு துள்ளு துள்ளிவிட்டு, பசி பொறுக்காமல் மீதியையும் தின்றது. கூண்டக்கா பார்த்துக்கொண்டேயிருந்தாள். கூண்டைச் சாய்த்து மீனைக் கொட்டியிருக்கலாம். இத்தனை நாள் ஆட்டம் காட்டியது அகப்பட்ட சந்தோஷத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரியில் உதவிக்கு இருக்கும் பெண் ஒவ்வொரு கூண்டாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?"

"நேத்து சாயங்காலம்."

ஐந்தாவது கூண்டுக்கும் அதே கேள்வி. உண்மையைச் சொன்னால் அடுத்த மாதம் வா என்பார்கள். பின்னால் வேறு தெருக்காரர்கள் கூண்டோடு வரிசையில் நின்றார்கள். அவர்களிடம் டாக்டர் இவளைக் காட்டிச் சொன்னது போன மாதம்தான்.

"நேத்து சாயங்காலம்" என்றாள் கூண்டக்கா. வாய் கூசவில்லை.

பதினோரு மணிக்கு டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"அந்த வெள்ளைப் பூனை போயிடுச்சும்மா. மருந்து போட்டதும் வாந்தி எடுத்துச்சு, மூச்சுக்குள்ள போயிடுச்சு. உறிஞ்சி எடுத்துப் பார்த்தோம், முடியல. வயிறு நிறைய மீன் இருக்கு. காலைல யாரோ போட்டிருக்காங்க. நீங்க இவ்வளவு சொல்லியும் யார் இப்படிப் பண்றது?"

அவர் அவளைத் திட்டவில்லை. அவளுக்காக வருத்தப்பட்டார். அந்த வருத்தம்தான் அவளை விழத் தள்ளியது. திட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள்.

"எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா டாக்டர்" என்றாள். "அவ கை சும்மா இருக்காது."

தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் தானே கேட்டாள். பக்கத்தில் கூண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த வேன்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு "த்சொ" என்றார். வேன்காரர் காதில் விழுந்தது மதியத்துக்குள் தெரு முழுக்க விழும். விழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது சின்னவள் வாசலில் நின்றிருந்தாள். உறை போட்ட கூண்டைப் பார்த்ததும் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அழவில்லை. மதில் ஓரத்தில் மண்ணைத் தோண்டினாள், புதைத்தாள், கையைக் கழுவிக்கொண்டு வந்து பட்டன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடச் சட்டைகள் நாற்பது, திங்கட்கிழமை கொடுக்க வேண்டியவை, அவளுக்காகக் காத்திருந்தன. நான்காவது சட்டையில் நூலைக் கடித்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணி, வேன்காரர் என்னமோ சொல்றாரே. காலைல யாரோ மீன் போட்டாங்கன்னு."

கூண்டக்கா மிஷினை மிதித்தாள்.

"நான் எதுவும் போடல அண்ணி. சத்தியமா போடல. ஆனா ஒண்ணு பண்ணேன். ராத்திரி நீங்க சாப்பிட்ட மீன்கொழம்புச் சட்டியைக் கழுவி, தண்ணிய பின்பக்கம் ஊத்தினேன். அந்தத் தண்ணியைக் குடிச்சிருக்குமோ? அதுல துண்டு கிண்டு இருந்திருக்குமோ?"

கழுவின தண்ணீரில் வயிறு நிறைய மீன் வராது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கேட்டவளுக்குத் தெரியவில்லை. அவள் தன்னைச் சந்தேகப்பட்டே பழகியவள். குடும்பம் உடைந்ததற்கும் அப்படித்தான், எந்த வார்த்தையால் உடைந்தது என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மிஷின் நின்றது.

"இருக்கலாம்" என்றாள் கூண்டக்கா.

ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு அவளால் நாத்தனார் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் அந்த அறையில் பேச்சில்லை. சின்னவள் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பூனைகள் வந்து கத்தினால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். ரொட்டி வாங்கப் போனபோது பேக்கரிக்காரம்மா, "உன்னால ஒரு உசிரு போச்சு. இனிமேலாவது உங்க அண்ணி சொல்றதைக் கேளு" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள். "சரிம்மா" என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ரொட்டியை மேஜையில் வைக்கும்போது அதையும் ஏதோ விலைவாசி சொல்வதுபோல்தான் சொன்னாள். கூண்டக்கா ரொட்டியைத் தொடாமல் எழுந்து போனாள். கத்தரிக்கோலை எடுத்தால் கை தப்பிப்போயிற்று. அளவு எடுத்த பேண்டை இரண்டு அங்குலம் கூட வெட்டிவிட்டாள். தொழிலுக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு தப்பு நடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சின்னவள் அண்ணனிடம் சொன்னாள்.

"நான் ஞாயித்துக்கிழமை பெரியண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"அங்க பெரியண்ணிக்கு முடியல. சமைக்க ஆள் வேணுமாம். ரொம்ப நாளா கூப்பிடறாங்க."

மெக்கானிக் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தாள். பெரியண்ணன் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்த சின்னவள், "அங்க நான் சமையல்காரி அண்ணி, உக்காந்து சாப்பிடச் சொல்லக்கூட ஆளில்லை" என்று சொன்னது இருவருக்குமே தெரியும். அவள் போனால் திரும்பமாட்டாள். அதற்குத்தான் போகிறாள்.

"போயிட்டு வரட்டும். மனசு மாறும்" என்றான் மெக்கானிக். ஆம்பிளைகளுக்கு எல்லாம் லிப்ட் மாதிரி, பட்டனை அமுக்கினால் போய்விட்டு வந்துவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் சின்னவள் கடைசிச் சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் விட்டுப் போனேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்று காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஊசி ஏறி ஏறி விரல் நுனி வெளுத்திருந்தது. ஒவ்வொரு சட்டையையும் மடித்து, காலரை நீவி, அடுக்கினாள். கூண்டக்கா மிஷின் சக்கரத்தில் கையை வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் விட்டால் அப்புறம் ஆயுசுக்கும் இல்லை என்று தெரிந்தது.

"மீனை வச்சது நான்தான்."

சின்னவள் நிமிர்ந்தாள். ஊசி விரலிடையில் நின்றது.

"கூண்டுக்குள்ள வரமாட்டேன்னுது. டப்பாவைக் கவுத்தேன். ஆஸ்பத்திரில கேட்டப்போ சாப்பிடலைன்னு சொன்னேன். டாக்டர்கிட்ட உன் மேல பழியைப் போட்டதும் நான்தான். வேன்காரர் சும்மா சொல்லல, நான் சொன்னதைத்தான் சொன்னார்."

சின்னவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். பிறகு கேட்டது கூண்டக்கா எதிர்பார்த்ததே இல்லை.

"முழு டப்பாவா?"

"முழு டப்பா."

"எல்லாத்தையும் சாப்பிட்டுச்சா?"

"நக்கித் துடைச்சிடுச்சு."

"அப்போ பசியோட போகல" என்றாள் சின்னவள். அவள் கண் நிறைந்தது. "அது ஜன்னலைப் பிறாண்டிட்டே இருந்துச்சு அண்ணி. பட்டினியோட போயிடுச்சேன்னுதான் எனக்குத் தூக்கமில்லை."

கூண்டக்கா எழுந்து பக்கத்தில் போகப் பார்த்தாள். சின்னவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க. நான் கழுவின தண்ணியா இருக்குமோன்னு கேட்டேன். நீங்க இருக்கலாம்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அது எதுக்கு அண்ணி? வாய் தவறி டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. வீட்டுக்கு வந்து எங்கிட்ட எதுக்கு?"

கூண்டக்கா தன் வீட்டுத் தரையிலேயே எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றாள்.

"எனக்குச் சொல்லிட்டீங்க" என்றாள் சின்னவள். "தெருவுக்கு?"

கூண்டக்கா அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பேக்கரியில் கூட்டம் இருந்தது. கூட்டம் கலையட்டும் என்று ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, பேக்கரிக்காரம்மா சின்னவளைத் திட்டியது கூட்டத்தில் வைத்துத்தானே என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அந்தப் பூனைக்கு மீன் வச்சது என் நாத்தனார் இல்ல. நான்தான் வச்சேன். தெரிஞ்சே வச்சேன். அவ மேல பொய்யா சொல்லிட்டேன்."

பேக்கரிக்காரம்மா ரொட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். முகம் இளகியது. கல்லாவைவிட்டு வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, உன்னைத் தெரியாதா எனக்கு? நீ வீடு வீடா வந்து சொன்னவ. நீயா வைப்பே? அந்தப் பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போறான்னு கேள்விப்பட்டேன். அதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கறியே."

"இல்லம்மா, நிஜமாவே நான்தான்."

"சரி சரி. நீதான். போதுமா?" என்றாள் பேக்கரிக்காரம்மா, அழும் பிள்ளையைத் தேற்றுகிற குரலில். ரொட்டிக்கு நின்றவர்களிடம் திரும்பி, "நாத்தனாருக்காக இப்படி யார் செய்வாங்க? நம்ம வீட்டுல எல்லாம் காலை வாரி விடுவாங்க" என்றாள். எல்லோரும் கூண்டக்காவை மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் வழிவிட்டு நின்றார்.

வேன்காரர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"அக்கா, நான்தானே பக்கத்துல நின்னேன். நீங்க சொன்னதை என் காதால கேட்டேன். அப்ப வந்ததுதான் நிஜம். இப்ப மனசு இளகிப் பேசறீங்க."

"அப்ப சொன்னதுதான் பொய்யி."

"விடுங்கக்கா. நீங்க இப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்சா அடுத்த மாசம் உங்களை நம்பி யாரும் கூண்டு வைக்க விடமாட்டாங்க. இன்னும் ஏழெட்டு பூனை பாக்கி இருக்கு. அதையும் நினைக்கணும்ல?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திரும்பிப் போகக் கால் எழுந்ததையும் அவள் கவனித்தாள்.

"வைக்க விடலைன்னா போகட்டும். மீனை வச்சது நான்தான்" என்று மறுபடி சொன்னாள். அவர் சிரித்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

புருஷனாவது நம்புவான் என்று அவன் வேலை செய்யும் கட்டடத்துக்கே நடந்தாள். அவன் லிப்ட் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் பேசியது போல மெதுவாகப் பேசினான்.

"நீ அவளுக்காகப் பொய் சொல்ல வேண்டாம். என் தங்கச்சி மேல உனக்கு இவ்வளவு இருக்குன்னு எனக்கு இத்தனை நாளா தெரியல. எனக்கு அது போதும்."

அவனுடைய கண் கலங்கியிருந்தது. கூண்டக்காவுக்கு அந்த லிப்ட் குழியிலேயே இறங்கிவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சின்னவளின் பை திறந்தபடி கிடந்தது. அவள் மடித்த சட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். பேக்கரியில கூட்டத்துல சொன்னேன். வேன்காரர்கிட்ட சொன்னேன். உங்க அண்ணன்கிட்டயும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

கூண்டக்காவுக்கு இதைச் சொல்வதைவிட முதலில் சொன்னது சுலபமாக இருந்தது.

"ஒருத்தரும் நம்பல. உன்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றேன்னு நினைக்கிறாங்க. எனக்குப் பெரிய மனசாம்."

சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வருவது போலிருந்தது, வரவில்லை.

"நீங்க எது பண்ணாலும் உங்களுக்கு நல்ல பேர்தான் அண்ணி."

"நீ போகாதே."

"போகல. போனா நான்தான்னு முடிவாயிடும்." பையிலிருந்த புடவைகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். "அடுத்த மாசம் செவ்வாய்க்கிழமை வீடு வீடா போவீங்கள்ல, நானும் வர்றேன். ஒவ்வொரு வாசல்லயும் இதைச் சொல்லிட்டு அப்புறம் ஜன்னலை மூடச் சொல்லுங்க."

"நம்பமாட்டாங்களே."

"நம்பற வரைக்கும் சொல்லுங்க."

"நீ நம்பறியா?" என்று கேட்டாள் கூண்டக்கா. கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று உறைத்தது.

"நான் நம்பறேன்" என்றாள் சின்னவள். "இந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான் நம்பறேன்."

சொல்லிவிட்டு, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, மிச்சமிருந்த சட்டையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அன்றைக்கு முழுவதும் அவள் அண்ணியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.